தீர்ப்பு எழுதாத வெண்கலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை மேடையில் பேச வருகிறவர் முதலில் அறக்கட்டளைக்கு நன்றி சொல்வது முறை. அந்த நன்றியை வேறோர் அறக்கட்டளையின் கதையாகச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். இன்றைய பொருளுக்கும் அதுவே வாசல்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் பெஞ்சமின் ஃபெர்குசன் என்றொரு மர வணிகர் இருந்தார். 1905இல் அவர் இறந்தபோது பத்து லட்சம் டாலரை உயிலில் எழுதிவைத்துப் போனார். முதலைத் தொடாமல் அதன் வருமானத்தைக் கொண்டு நகரின் பூங்காக்களிலும் தெருக்களிலும் சிற்பங்கள் நிறுவ வேண்டும் என்பது அவர் விருப்பம். அமெரிக்க வரலாற்றின் தகுதியுள்ள மனிதர்களையும் முக்கிய நிகழ்ச்சிகளையும் அவை நினைவுகூர வேண்டும். சிகாகோ கலைக் கழகத்தின் அறங்காவலர்கள் அந்த நிதியை நிர்வகித்தார்கள். அணுவுக்குள் உட்கரு ஒன்று உண்டென்று ரதர்ஃபோர்டு கண்டறிந்தது 1911இல்; அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஃபெர்குசன் கண்ணை மூடிவிட்டார். ஆனால் அவர் இறந்து 62 ஆண்டுகள் கழித்து, அவர் விட்டுச்சென்ற பணம், அந்த உட்கருவை மனிதன் கட்டுக்குள் கொண்டுவந்த இடத்தில் ஒரு சிற்பமாக எழுந்தது. கொடுத்தவரின் கற்பனைக்கு எட்டாத இடம்வரை கொடை போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சிற்பம்தான் இன்று என் பேச்சின் பொருள். சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில், எல்லிஸ் அவென்யூ சாலையோரத்தில், ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் செய்த ‘அணு ஆற்றல்’ என்னும் வெண்கலச் சிற்பம் நிற்கிறது. ஏறத்தாழ 14 அடி உயரம். கை, கால், முகம் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஸ்மார்ட் கலை அருங்காட்சியகம் சற்று நடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இந்தச் சிற்பத்துக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இல்லை. நூலகத்துக்குப் போகும் மாணவர் பலர் அதைக் கடந்தே போகிறார்கள்.

இது எதைக் குறிக்கிறது என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கப்போவதில்லை. உருவம் துறந்த ஒரு வடிவம் எப்போது நியாயமாகிறது, எப்போது தேவையாகிறது என்பதை இந்த ஒரு சிற்பத்தைக் கொண்டு உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இடம்

முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே முன்பு ஸ்டாக் ஃபீல்டு என்ற கால்பந்து மைதானம் இருந்தது. 1939இல் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் ராக்கெட் மட்டை விளையாட்டுக்கான கூடம் ஒன்று இருந்தது. 1942 நவம்பர் நடுவில் அந்தக் கூடத்துக்குள் கருப்பு நிறக் கட்டிகளை அடுக்கும் வேலை தொடங்கியது. இரவும் பகலும் முறைவைத்து வேலை நடந்தது. என்ரிக்கோ ஃபெர்மி என்ற இத்தாலிய இயற்பியலாளர் அதற்குத் தலைமை ஏற்றிருந்தார். பாசிச இத்தாலியை விட்டு மனைவி மக்களுடன் அமெரிக்கா வந்தவர் அவர்.

கிராஃபைட் கட்டிகள் ஏறத்தாழ 45,000. அவற்றில் துளையிட்டு யுரேனியமும் யுரேனிய ஆக்சைடும் பொதித்தார்கள். 57 அடுக்குகள் எழும்பின. யுரேனிய அணு பிளந்து வெளிவரும் நியூட்ரான்கள் மிக வேகமானவை. கிராஃபைட் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. வேகம் தணிந்த நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்கிறது. அதிலிருந்து வருவது அதற்கடுத்ததை. இந்தத் தொடர் கட்டுமீறாமல் இருக்க, நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் பதித்த கோல்களை அடுக்குக்குள் செருகிவைத்தார்கள். 1942 டிசம்பர் 2ஆம் நாள் பிற்பகல், கடைசிக் கோலைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கச் சொன்னார் ஃபெர்மி. ஒவ்வொரு கட்டத்திலும் கருவி காட்டிய எண்ணைத் தம் கணக்கோடு ஒப்பிட்டார். மூன்றரை மணி நெருங்கும் வேளையில் தொடர்வினை தன்னைத் தானே நடத்திக்கொள்ளத் தொடங்கியது. மனிதன் உண்டாக்கிய முதல் அணு உலை அதுதான். அன்று அது தந்த திறன் அரை வாட். ஒரு சாதாரண மின்விளக்குக்குக்கூடப் போதாது.

அந்த அரை வாட்டிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று, மூன்றாண்டுகூட ஆகாமல், 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவுக்கும் 9இல் நாகசாகிக்கும் போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. மற்றொன்று, மின் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளில் நோயறியவும் நோய் தணிக்கவும் பயன்படும் கதிரியக்கப் பொருள்களுக்கும் இட்டுச் சென்றது. பாதைகள் இரண்டு, தொடக்கம் ஒன்று என்பதை மறக்காமல் இருந்தால்தான் இந்தச் சிற்பத்தின் சிக்கல் விளங்கும்.

அன்று அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்கே இது விளங்கியிருந்தது. லியோ சிலார்டு என்ற ஹங்கேரிய இயற்பியலாளரை எண்ணிப் பாருங்கள். அணுத் தொடர்வினை சாத்தியம் என்று முதலில் எண்ணியவர் அவர். 1939இல் ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்குப் போன கடிதத்தின் பின்னால் இருந்தவரும் அவர்தான். சோதனை வென்ற மாலையில் ஃபெர்மியின் கையைக் குலுக்கிவிட்டு, மனித குல வரலாற்றில் இது ஓர் இருண்ட நாளாக நினைக்கப்படும் என்று சொன்னதாக அவரே பின்னாளில் எழுதினார். செய்தவரும் அவர், அஞ்சியவரும் அவர். 1945 ஜூலையில் ஜப்பான் மீது குண்டு வீசுவதற்கு எதிராக அவர் எழுதிய விண்ணப்பத்தில் 70 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே, ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ ஆய்வகத்தினர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பி எச்சரித்திருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அணு அறிவியலாளர்களின் இதழ் ஒன்று சிகாகோவிலேயே பிறந்தது. மனித குலம் அழிவுக்கு எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது என்று காட்டும் கடிகாரத்தை 1947இல் அட்டையில் வரைந்து உலகுக்குக் காட்டியது அந்த இதழ்தான்.

வெற்றியும் குற்றவுணர்வும் ஒரே கூரையின் கீழ், பல நேரம் ஒரே மனிதருக்குள், தங்கியிருந்த இடம் அது. அந்த இடத்தில் என்ன வைப்பது?

சிற்பி

மைதானத்தின் அந்தப் பார்வையாளர் மாடத்தை 1957இல் இடித்துவிட்டார்கள். 1963இல், சோதனையின் வெள்ளி விழா நெருங்குவதை எண்ணி, வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் மக்நீல் உள்ளிட்ட பல்கலைக்கழகக் குழுவினர் ஹென்றி மூரை அணுகினார்கள். 

மூர் யார்? 1898இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் நிலக்கரிப் பகுதியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஏழாவது குழந்தையாகப் பிறந்தவர். முதல் உலகப்போரில் படைவீரர். 1917இல் காம்ப்ரே போர்க்களத்தில் நச்சுப்புகைக்கு ஆளாகி உயிர் தப்பியவர். இரண்டாம் உலகப்போரில் லண்டன்மீது குண்டுகள் விழுந்த இரவுகளில், சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் வரிசை வரிசையாகப் படுத்திருந்த மக்களை வரைந்தவர். 1950களின் பிற்பகுதியில் பிரிட்டனில் அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் எழுந்தபோது தம் பெயரை அதற்குத் தந்தவர்.

அணு ஆயுதத்தை எதிர்த்த ஒருவரிடம், அணு உலையின் பிறப்பை நினைவுகூரும் சிற்பத்தைப் பல்கலைக்கழகம் கேட்டது. அவர் ஒப்புக்கொண்டார். புகழ்ந்து ஒரு சிற்பம் செய்திருந்தால் அவர் தம் மனசாட்சிக்கு மாறாகச் செய்ததாகும். பழித்து ஒன்று செய்திருந்தால் கேட்டவர்கள் அதை நிறுவியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நழுவிப்போகும் அழகுப்பொருள் ஒன்றைச் செய்வது எளிது. மூர் அந்த எளிய வழியில் போகவில்லை.

அவருடைய வேலைமுறை கையளவில் தொடங்கும். ஓடைக்கற்கள், எலும்புத் துண்டுகள், சக்கிமுக்கிக் கற்கள் ஆகியவற்றைப் பட்டறையில் சேர்த்துவைத்திருப்பார். அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்தபடியே உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாதிரியைச் சாந்தில் செய்வார். அது தாங்கும் என்று தோன்றினால் இடைப்பட்ட அளவில் ஒரு மாதிரி. அதுவும் தாங்கினால்தான் முழு அளவு. சிகாகோச் சிற்பத்துக்கும் அப்படியே. முதலில் கையளவு, பிறகு ஏறத்தாழ நான்கடி உயர வெண்கல மாதிரி, கடைசியில் இன்று நிற்பது. சிறியதைப் பெரிதாக்கும்போது கருத்தும் உடன் வளர்கிறதா, வெறும் பருமன்தான் கூடுகிறதா என்று சிற்பி தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் படிகள் இவை.

அந்த வடிவத்துக்கு அவருடைய பட்டறையில் பழைய வேர் ஒன்றும் இருந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நாள்களிலிருந்தே மூர் தலைக்கவச வடிவங்களைச் செய்துவந்தார். வெளியே கெட்டியான ஓடு; உள்ளே மென்மையான ஒன்று பதுங்கியிருக்கும். காப்பது எதுவோ அதுவே சிறையும் ஆகலாம் என்பது அந்தச் சிற்பங்களின் உள்ளோட்டம். அணு உலைக்கும் இதே இயல்பு இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

1967 டிசம்பர் 2ஆம் நாள், பிற்பகல் 3.36 மணிக்கு, சோதனையின் 25ஆம் ஆண்டு நிறைவில் சிற்பத்தைத் திறந்துவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் சிகாகோ நகர மையத்தில் பிக்காசோவின் மாபெரும் எஃகுச் சிற்பம் திறக்கப்பட்டு, இது என்ன, பெண்ணா, பறவையா, நாயா என்று ஊர் முழுவதும் வாதாடிக்கொண்டிருந்தது. பொது இடத்தில் அருவச் சிற்பம் என்பது அந்த நகரத்துக்கே அப்போது புதிய அனுபவம்.

மூன்று தொலைவுகள்

இனி, சிற்பத்தின் முன்னால் போவோம்.

சாலையின் தொலைவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மேற்பகுதி. வழவழப்பான பெரும் கோளம். கீழே ஒடுங்கித் தண்டுபோல் இறங்குகிறது. 1945க்குப் பின் பிறந்த எவரும் அந்த வடிவை அடையாளம் காண்பார். அது அணுகுண்டின் காளான் மேகம்.

இன்னும் பத்தடி நெருங்குங்கள். கோளத்தின் முன்புறத்தில் பள்ளங்கள் தெரியும். மேகமாக இருந்தது மண்டையோடாகிவிடும்; கண்குழிகள் உங்களைப் பார்க்கும். கொஞ்சம் நகர்ந்து நின்றால் அது போர்வீரனின் தலைக்கவசம். உள்ளே தலை இருக்கிறதா, இல்லையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னும் நெருங்கிப் பீடத்தின் விளிம்பில் நின்று கீழ்ப்பகுதிக்குள் பாருங்கள். மேற்பகுதியின் வழவழப்பு இங்கே இல்லை. தூண்கள் எழுகின்றன; தூண்களுக்கிடையில் வளைவுகள்; வளைவுகளுக்குள் நிழல். பெரிய தேவாலயம் ஒன்றின் உட்புறம்போல இருக்கிறது. மேற்பகுதியில் காளான் மேகமும் மண்டையோடும் கலந்திருப்பதையும், கீழ்ப்பகுதியில் தேவாலயத்தின் உள்வெளியை உணர்த்த எண்ணியதையும் மூரே சொல்லியிருக்கிறார். ஆக, இது பார்ப்பவரின் கற்பனையில் மட்டும் உதித்த பொருளன்று. அழிவும் புகலிடமும் ஒரே உலோக உடலில் வேண்டும் என்பது சிற்பியின் திட்டம்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரைச் சொல்ல வேண்டும். சுப்ரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1937 முதல் 1995இல் இறக்கும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்ட அந்த மனிதர், அறிவியலில் அழகு என்பது என்ன என்று வாழ்நாளெல்லாம் சிந்தித்தவர். மூர் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தபோது சந்திரசேகர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: சிற்பத்தைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமா, அருகிலிருந்தா? மிகச் சிறந்த சிற்பங்களை எல்லாத் தொலைவிலிருந்தும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும், ஒவ்வோர் அளவிலும் புதிய அழகு வெளிப்படும் என்று மூர் பதில் சொன்னார், மைக்கலாஞ்சலோவை எடுத்துக்காட்டினார். சந்திரசேகர் இந்த உரையாடலை எழுதிவைத்து, கருந்துளைகளின் கணிதமும் அப்படிப்பட்டதே என்று தம் துறைக்குப் பொருத்திக் காட்டினார்.

ஒரு வானியலாளரின் எளிய கேள்வி அது. மூரின் பதிலை அவருடைய சொந்தச் சிற்பத்தின்முன் வைத்துப் பார்த்தால் அது இன்னும் ஆழமாகிறது. மைக்கலாஞ்சலோவின் சிற்பத்தில் நெருங்க நெருங்கக் கிடைப்பது அதே மனிதனின் நுண்மை. முழு உடலின் அளவொழுங்கை விரல் நகமும் உறுதிசெய்கிறது. ‘அணு ஆற்றல்’ சிற்பத்தில் ஒவ்வொரு தொலைவும் முந்தைய தொலைவு சொன்னதை மறுக்கிறது. மேகம் என்றவரை மண்டையோடு திருத்துகிறது. மண்டையோடு என்று முடிவுகட்டியவரைத் தேவாலயம் தடுக்கிறது. உள்ளே புகலிடம் கண்டு நிம்மதியோடு பின்னால் நகர்ந்தவர்மேல் மறுபடியும் மேகம் கவிகிறது. நின்ற இடத்தில் நின்று இதைப் பார்த்து முடிக்க முடியாது. சுற்றி வர வேண்டும். நெருங்கவும் விலகவும் வேண்டும். கடைசிவரை பார்த்தவருக்கும் ஒற்றை வரித் தீர்ப்பு கையில் கிடைக்காது.

இரண்டு சிற்பங்கள், ஒரு கொடை

ஃபெர்குசனின் பணத்தில் எழுந்த இன்னொரு சிற்பமும் அந்த வளாகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. வாஷிங்டன் பூங்காவின் ஓரத்தில், லொராடோ டாஃப்ட் செய்த ‘கால ஊற்று’. 1922இல் திறந்துவைக்கப்பட்டது. நூறு மனித உருவங்கள் அலைபோல் எழுந்து நடந்து போகின்றன: காதலர், வீரர், தாயர், குழந்தைகள், முதியோர். நீர்ப்பரப்புக்கு இப்பால் நின்று காலம் என்னும் பெருமகன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவும் பிரிட்டனும் 1814இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் நூறாண்டு அமைதி நிலவியதை நினைவுகூர எழுந்தது அது.

அதன்முன் நிற்கும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மனிதர் வருகிறார்கள், போகிறார்கள், காலம் நிற்கிறது. எல்லா நாட்டாரும் எல்லாக் காலத்தாரும் ஒப்பும் உண்மை அது. ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையைச் சொல்ல மனித உருவம் சிறந்த கருவி. நூறு முகங்களைச் செதுக்கலாம். ஒவ்வொரு முகமும் அதே உண்மையை மெய்ப்பிக்கும்.

அடுத்து மூரின் இடத்துக்கு வாருங்கள். அங்கே யாருடைய உருவத்தை வைப்பது? ஃபெர்மியை வைத்தால் அது வெற்றிச் சின்னம். ஹிரோஷிமாவில் எரிந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. எரிந்த குழந்தை ஒன்றின் உருவத்தை வைத்தால் அது இரங்கற்சின்னம். நாஜிகள் முந்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஊரையும் உறவையும் விட்டு ஓடிவந்து அந்தக் கூடத்தில் இரவு பகலாக உழைத்த அகதிகளின் நியாயம் அங்கே மறைந்துபோகும். மருத்துவரையும் நோயாளியையும் வைத்தால் பொய்யாகிவிடும். 1942இல் அந்த அடுக்கு எழுந்த காரணம் மருத்துவமன்று. எந்த முகத்தை வைத்தாலும் அந்த முகம் மற்ற முகங்களைத் துரத்தும். உருவம் ஒரு பக்கம் சாய்ந்தே தீரும் இடம் அது.

ஆகவே மூர் உருவத்தை விட்டார். பொருளை விடவில்லை. உருவங்கள் ஒன்றையொன்று விலக்கும். வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று குடியிருக்க முடியும். மேகமும் மண்டையோடும் கவசமும் கோயிலும் ஒரே வளைவுக்குள் இடம் பெற்றது அதனால்தான். அருவக் கலை பொருளற்றது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நமக்கு அது அந்நியம் என்றும் சொல்கிறோம். ஆனால் கருவறையில் லிங்கத்தின்முன் நிற்கும் எவரும் இது யாருடைய சாயல் என்று கேட்பதில்லை. முகம் வைத்தால் குறைந்துவிடும் ஒன்றுக்கு முகமில்லாத வடிவமே தகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஒரே முகத்துக்குள் அடங்காத ஒன்றைச் சொல்ல நேரும்போது உருவத்தைத் துறப்பது கலைஞனின் நேர்மை. ‘அணு ஆற்றல்’ எனக்குக் கற்பித்தது இதுதான். இன்று உங்கள்முன் நான் வைக்க வந்ததும் இதுவே.

எதிர்வாதம்

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே போவது முறையாகாது.

இரண்டு பக்கத்தையும் ஏந்துவது என்பது யாருக்கு வசதி? இறந்தவர்கள் ஹிரோஷிமாவில், சிற்பம் சிகாகோவில். செய்தவர்களின் ஊரில் நிற்கும் சின்னம் ‘நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று சொன்னால், பொறுப்பிலிருந்து நழுவ அது வழிசெய்யாதா? ஐயத்தைக் கலையாக்குவது வலிமையுள்ளவர்களுக்கு எப்போதும் உதவுகிறது அல்லவா?

இந்தக் கேள்விக்குப் பெயர் மாற்றத்தின் வரலாறு மேலும் வலு சேர்க்கிறது. மூர் வைத்த பெயர் வேறு. ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது ‘அணு’வோடு ‘சமாதானம்’ என்ற சொல்லும் சேர்ந்து காதில் விழும். பல்கலைக்கழகத்தார் அதைத் தவிர்க்க விரும்பினார்கள். ‘அணு ஆற்றல்’ என்ற பெயர் நிலைத்தது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் போகிறவர், ஆக்கப்பூர்வமான ஒரு கண்டுபிடிப்பின் நினைவுச்சின்னம் இது என்று நினைக்கக்கூடும். மேகமும் மண்டையோடும் அந்தப் பெயரில் இல்லை.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி என்று நான் கருதுகிறேன். பெயர் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்த்தது நிறுவனம். ஆனால் வெண்கலம் சாயவில்லை. மண்டையோட்டை எவராலும் பெயர்மாற்றி அகற்ற முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பெயர் ஒன்றைச் சொல்ல, வடிவம் அதை மறுத்துக்கொண்டே நிற்கிறது. வெளிப்படையான கண்டனச் சிற்பமாக இருந்திருந்தால் அது அந்த இடத்துக்கு வந்தே இருக்காது. கண்டனத்தையும் உள்ளடக்கிய வடிவமாக இருந்ததால் செய்தவர்களின் வாசலிலேயே நிற்க முடிந்தது.

அந்த நான்கடி மாதிரியின் வார்ப்பு ஒன்று ஹிரோஷிமா நகரத் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்கர் ஆய்வுசெய்த நிலையம் அமைந்த அதே ஹிஜியாமா குன்றில்தான் அந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரே வடிவம் தொடங்கிய ஊரிலும் இருக்கிறது. முடிந்த ஊரிலும் இருக்கிறது. சிகாகோவில் அதைப் பார்ப்பவர் ஹிரோஷிமாவை நினைக்காமல் போகலாம். ஹிரோஷிமாவில் பார்ப்பவர் சிகாகோவை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது சிற்பத்தால் ஆகாது. மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் கடமை

இங்கேதான் பல்கலைக்கழகமும் அதன் அருங்காட்சியகமும் வருகின்றன.

வெளியில் நிற்கும் சிற்பத்துக்கு ஒரு பெரும் ஆபத்து உண்டு: பழகிப்போதல். தினமும் கடப்பவருக்கு அது சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அடையாளமாகிவிடும். மழையும் பனியும் வெண்கலத்தைத் தின்பதைப் பராமரிப்பாளர்கள் மெழுகு பூசித் தடுக்கலாம். பார்வை மழுங்குவதைத் தடுக்க மெழுகு கிடையாது. அதற்கு மறுபடி மறுபடி கேள்வி எழுப்ப வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகம் 2017இல் அதைச் செய்தது. சோதனையின் 75ஆம் ஆண்டு நிறைவில், டிசம்பர் 2 பிற்பகலில், சீனாவில் பிறந்த கலைஞர் சாய் குவோ சியாங் அந்த இடத்தின் மேலே பல வண்ணப் புகையால் ஒரு காளான் மேகத்தை எழுப்பினார். ஸ்மார்ட் கலை அருங்காட்சியகமும் அந்த ஏற்பாட்டில் பங்கேற்றது. வண்ணம் நிறைந்த அழகிய மேகம். சிறிது நேரத்தில் காற்றில் கரைந்தது. அழிவின் வடிவத்தை இத்தனை அழகாக்கலாமா என்ற கேள்வி எழுந்தே தீரும், எழட்டும். கீழே மூரின் மேகம் உலோகமாய் உறைந்து நிற்க, மேலே இன்னொரு மேகம் கலைந்து போயிற்று. அன்று அங்கே நின்ற இளைஞர்களில் பெரும்பாலோர் பனிப்போர் முடிந்தபின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த வடிவத்தை மீண்டும் புதிதாக்கிக் கொடுத்தது அந்தப் பிற்பகல்.

பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம் மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். அது கலைப்பொருளைக் காட்டுவதோடு நிற்காமல் அதை வகுப்பறையோடு இணைக்க முடியும். மூரின் சிற்பத்தின்முன் இயற்பியல் ஆசிரியர் நியூட்ரானைப் பற்றிப் பேசலாம். வரலாற்று ஆசிரியர் சிலார்டின் விண்ணப்பத்தைப் படிக்கலாம். மெய்யியல் ஆசிரியர் அறிவுக்கும் பொறுப்புக்கும் உள்ள உறவைக் கேட்கலாம். சிற்பக்கலை மாணவர் அந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்க்கலாம். நான்கு வகுப்புகளும் நடந்தால் பெயர்ப்பலகையின் சாய்வு நிமிரும். நடக்காவிட்டால் அது 14 அடி வெண்கலம், அவ்வளவே.

இந்த அரங்கில் கொடையாளர்கள் இருக்கிறீர்கள். கல்வி நிறுவனங்களை நடத்துவோர் இருக்கிறீர்கள். நாளை நடத்தப்போகும் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வளாகத்தில் போற்றத்தக்கவர்களின் சிலைகளை வையுங்கள். நன்றி மறவாத சமூகத்துக்கு அவை தேவை. அவற்றோடு, உங்கள் நிறுவனம் இன்னும் விடை காணாத ஒரு கேள்விக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அந்த இடத்தில் முகம் பொருந்தாவிட்டால் முகமில்லாத வடிவத்துக்கு அஞ்சாதீர்கள். அதைச் செய்யும் சிற்பிக்கு முடிவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள். செய்து முடித்தபின் பெயர் சூட்டும் உரிமையையும் அவரிடமே விடுங்கள்.

மாணவர்களே, அறிவு எப்போதும் நல்லதையே செய்யும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அறிவே ஆபத்து என்று அச்சுறுத்துபவர்களும் உண்டு. 1942இல் அந்தக் கூடத்தில் நின்ற மேதைகள் சிலர் இரண்டையும் நம்பவில்லை. ஒரு கையால் செய்தார்கள். மறு கையால் எதிர்ப்பு விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களுடைய விண்ணப்பம் தோற்றது. தோற்ற விண்ணப்பத்தின் நியாயத்தையும் வென்ற சோதனையின் பெருமையையும் சேர்த்தே சுமக்கக் கற்றுக்கொள்வதுதான் உயர்கல்வி. ஒன்றை மட்டும் சுமப்பவர் நல்ல தொழில்நுட்பர் ஆகலாம், நல்ல பேச்சாளர் ஆகலாம்; கற்றவர் ஆக முடியாது.